நிலத்துக்குரியவரின் பங்கு

மைசூரில் ஒருவன் வீடு வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டால், எந்தப் பகுதியில் என்று விசாரிப்பதற்கு முன்பே மனையின் அளவைக் கேட்பார்கள். "எத்தனைக்கு எத்தனை?" என்பதே கேள்வி. நாற்பதுக்கு அறுபது அடி என்றால் கேட்டவரின் முகத்தில் ஒரு மரியாதை தோன்றும். முப்பதுக்கு நாற்பது என்றால் அது சற்றுக் குறையும். இருபதுக்கு முப்பது என்று சொல்லிவிட்டால், அவர் உடனே குரலைத் தாழ்த்தி, தண்ணீர் வருகிறதா, பேருந்து போகிறதா என்று பரிவுடன் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நாங்கள் வாங்கியது இருபதுக்கு முப்பது. அந்தப் பரிவுக்கு அஞ்சி, யார் கேட்டாலும் "எங்களுக்குப் போதும்" என்று பொதுப்பட விடை சொல்லப் பழகிக்கொண்டேன். தனியார் கல்லூரி ஒன்றில் வடமொழியும் தமிழும் கற்பிப்பவன் நான். கேட்ட கேள்விக்கு நேர்விடை எழுதாத மாணவர்களைக் கடிந்துகொள்பவன்.

அதற்கு முன்பு அக்ரஹாரத்தில் வாடகைக்கு இருந்தோம். நடுவில் முற்றமும் சுற்றிலும் கூடங்களுமாக இருந்த பழைய வீடு அது. உரிமையாளர் வாடகையை உயர்த்தாமலே காலம் தள்ளிவந்ததால், என் ஊதியத்துக்கு எட்டாத விசாலத்தில் நாங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தோம். தெருவில் அதை என் பெயரால் அழைக்கவும் தொடங்கியிருந்தார்கள். நான் ஒருவரையும் திருத்தவில்லை. உரிமையாளர் மறைந்ததும் அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்க முடிவு செய்தார்கள். அப்போதுதான் நானும் என் மனைவியும் சொந்த வீடு தேடத் தொடங்கினோம்.

முதலில் நான் விரும்பியது வேறொரு வீடு. கூடத்திலிருந்து வளைந்து மேலேறும் தேக்கு மரப் படி அதற்கு இருந்தது. அதன் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நான் நின்ற நேரத்தில், வங்கி எவ்வளவு கடன் தரும் என்று தரகர் மனக்கணக்காகச் சொன்னார். தரும் என்பது உண்மைதான். வீடு திரும்பியதும் என் மனைவி கேட்டாள்.

"பேங்க்காரன் தரேங்கறது அவன் கணக்கு. மாசா மாசம் கட்டப்போறது நாம. நீங்க ரிட்டயர் ஆன மறுமாசம் யார் கட்டுவா? அந்த மாடிப்படியா?"

"எல்லாரும் கட்டிண்டுதானே இருக்கா?"

"எல்லாரையும் எனக்குத் தெரியாது. நம்மாத்துல அரிசிக்கும் பாலுக்கும் என்ன ஆறதுன்னு தெரியும்."

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தும் அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. ஓய்வு பெறுவதற்குள் கடன் தீர்ந்துவிட வேண்டும், தவணை போக மீதியில் கைநீட்டாமல் வாழ வேண்டும் என்னும் இரண்டு நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்தபோது, வெளிவட்டச் சாலைக்கு அப்பால் இருந்த இந்தச் சிறிய வீடுதான் எஞ்சியது. வாசற்கதவைத் திறந்தால் தெரு. உள்ளே ஒரு கூடம், அதன் கோடியிலேயே சமையலறை, பக்கத்தில் ஓர் அறை. என் நூல்களில் பாதியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்த பிறகே கட்டில் போட இடம் கிடைத்தது. முடிவு சரியானது என்று என் அறிவு ஏற்றுக்கொண்டது. என் முகம் ஏற்றுக்கொள்ளவில்லை. புதுமனை புகுவிழாவைப் புரோகிதம் செய்யும் வாத்தியாரோடும் பால் காய்ச்சுவதோடும் முடித்துக்கொண்டு, நாள் நெருக்கத்தில் அமைந்துவிட்டது என்று உறவினருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் என்னோடு முடிந்திருந்தால் எழுதத்தக்கது ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் தந்தையாரின் ஆண்டுத் திதி வந்தது.

எனக்கு ஓர் அண்ணா மட்டுமே. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பெங்களூரில் மகனோடு அடுக்ககத்தின் எட்டாம் மாடியில் இருக்கிறார். திதியை நாங்கள் இருவரும் சேர்ந்து மைசூரில்தான் செய்வோம். மூத்தவர் என்பதால் அண்ணாவே கர்த்தா. அந்தச் சடங்கில் எங்கள் குடும்பத்துக்கே உரிய ஓர் உறுத்தல் உண்டு. பிறருடைய நிலத்தில் சிராத்தம் செய்தால் அதன் பலனில் நிலத்துக்குரியவரின் முன்னோருக்குப் பங்கு போய்விடும் என்பார்கள். அதற்கு ஈடாக, தொடங்கும் முன் நிலத்துக்குரியவருக்கென்று ஒரு காசை எடுத்து வைத்துவிடுவது வழக்கம். வாடகை கொடுத்துக் குடியிருந்தால் இது தேவையில்லை என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. எங்கள் தந்தையார் அதை ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் வாடகை வீடுகளிலேயே இருந்த அவர், தம் தந்தையின் திதியில் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காசை எடுத்து வைத்தார். அவருடைய திதியில் நாங்களும் அப்படியே செய்துவந்தோம்.

நான் வீடு வாங்கிய செய்தி கேட்டபோது அண்ணாவுக்கு முதலில் தோன்றியது இதுதான் என்பதைத் திதிக்கு ஒரு மாதம் முன்பு அவர் தொலைபேசியில் பேசியபோது அறிந்தேன்.

"இந்த வருஷம் நம்ம சொந்த ஆத்துலடா. பூமிக்காராளுக்குன்னு ஒண்ணும் எடுத்து வெக்க வேண்டாம். அப்பாவும் வெச்சார், நாமளும் வெச்சோம். போறும்."

எங்கள் சிறிய கூடத்தில் அண்ணா நிற்பதையும், அவர் மனைவியான மன்னி சுற்றிப் பார்ப்பதையும், பார்த்து முடிக்க அவளுக்கு ஆகும் சிறு பொழுதையும் எண்ணினேன்.

"இல்லேண்ணா, புது ஆத்துல தண்ணி ஒழுங்கா வரதில்லே. ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வராது. மடியா ஒண்ணும் பண்ண முடியாது. வாத்யாரும் அவ்வளவு தூரம் வர யோசிக்கறார். அக்ரஹாரத்துல மடத்திலேயே பேசியிருக்கேன்."

அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

"தண்ணி இல்லேன்னா என்ன பண்ண முடியும். ஹோக்லி, போனாப் போறது விடு. எனக்கு முழங்கால் படுத்தறது. போன வருஷமே எழுந்துக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் தரையில உக்காந்து பண்ணுவேனோ மாட்டேனோ. அதனாலதான் கேட்டேன். மடமே இருக்கட்டும்."

தொலைபேசியை வைத்தபோது, என் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"தண்ணி நன்னாத்தானே வரது?" என்றாள்.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

அண்ணாவும் மன்னியும் திதிக்கு முதல்நாள் மாலையில் வந்தார்கள். விடியற்காலையில் நீராட வசதி என்று சொல்லி, அவர்கள் தங்குவதற்கும் மடத்திலேயே ஓர் அறை ஏற்பாடு செய்திருந்தேன். சொந்த வீடு உள்ள ஊரில், தம்பி எடுத்துக் கொடுத்த அறையில், சுவரோரம் பையை வைத்துவிட்டு அண்ணா படுத்தார். "காத்தோட்டமா இருக்கு" என்றார். அவர் என்னை நம்பினார் என்பதுதான் அந்த இரவில் எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னும் சற்று வலுவாகப் பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மறுநாள் காலையில் எல்லாம் முறைப்படி தொடங்கின. அண்ணா தரையில் அமர்வதற்கு என் தோளைப் பற்றிக்கொண்டார். அமர்ந்த பின் வலியை விழுங்கும் ஒலி எனக்கு மட்டும் கேட்டது. வாத்தியார் தர்ப்பையைச் சரிசெய்துகொண்டே, "இது மடத்து இடம். பூமிக்கு உடையவாளுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சுடுங்கோ" என்றார். அண்ணா இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து வெற்றிலைமேல் வைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தலை குனிந்திருக்கலாம். அதற்கும் வாய்ப்பில்லாமல், அந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். இந்த விதி என்ன சொல்கிறது, அதற்கு யார் யார் எப்படிப் பொருள் கூறியிருக்கிறார்கள் என்பதை அங்கிருந்த எவரையும்விட நன்றாக அறிந்தவன் நான். அறிந்திருந்தும், சொந்த நிலம் ஒன்று ஊரின் மறுகோடியில் பூட்டிக் கிடக்க, என் தந்தையை மீண்டும் குடிக்கூலிக்காரராக அழைத்து உட்கார வைத்திருந்தேன்.

சடங்கு முடிந்து, பிண்டத்தைக் காக்கை எடுத்து, நாங்கள் உண்டு கைகழுவும்போது பிற்பகலாகிவிட்டது. நடையில் அண்ணா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அப்போது மடத்துக் காரியஸ்தர் வந்தார். நல்ல மனிதர். எல்லாம் திருப்தியா என்று கேட்டுவிட்டு, அண்ணாவிடமே திரும்பி மகிழ்ச்சியோடு சொன்னார்.

"கவலைப்பட வேண்டாம் ஸ்வாமி. உங்க தம்பி சொன்னபடி அடுத்த வருஷத்துக்கும் இதே இடத்தை உங்களுக்கே வெச்சாச்சு. வருஷா வருஷம் இங்கேயே பண்ணிக்கலாம்."

அவர் போய்விட்டார். அண்ணா அங்கவஸ்திரத்தால் நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"அடுத்த வருஷமும் தண்ணி வராதோ?" என்றார்.

மன்னி வேறுபக்கம் பார்த்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்ன சொல்லத் தொடங்கினேன் என்பது இப்போது நினைவில்லை, அதற்கு முடிவும் இருந்திருக்காது. என் மனைவிதான் குறுக்கிட்டாள்.

"அண்ணா, ஆத்தைப் பார்க்க வாங்கோ. இப்பவே போகலாம். ஆட்டோல அரை மணி."

"கூப்பிட்டாத்தானே வரணும்" என்றார் அண்ணா, என்னைப் பார்த்து.

"வாங்கோண்ணா" என்றேன்.

ஆட்டோவில் நால்வரும் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். வெளிவட்டச் சாலையைக் கடந்து எங்கள் பகுதிக்குள் நுழைந்தபோது, பெரிய மனைகளில் எழுந்த வீடுகள் முதலில் வரும். ஒவ்வொன்றையும் அவர் தலையை நீட்டிப் பார்த்ததைக் கண்டேன். ஒவ்வொன்றும் பின்னே நகர்ந்தது. வீடுகள் படிப்படியாகச் சிறுத்து, ஒன்றன் சுவர் மற்றொன்றின் சுவராகும் தெருவுக்கு வந்தோம். ஆட்டோ நின்றது.

வாசலில் பக்கத்து வீட்டார் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நகர்த்திக் கதவைத் திறந்தேன். அண்ணா உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் நின்று, மேலே பார்த்தார், பக்கங்களைப் பார்த்தார். நான் ஒரு மாதத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்த அந்தச் சிறு பொழுது அப்படியே நிகழ்ந்தது. அவருடைய முகத்தில் ஏமாற்றம் தோன்றியது. அதை அவர் மறைத்துக்கொள்ள முயன்றதும் தெரிந்தது.

"அடக்கமா இருக்கு" என்றாள் மன்னி. "பெருக்கித் துடைக்கறது சுலபம்."

என் மனைவி குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சமையல் மேடைக்குப் போனாள். சொம்பை முதலில் அலம்பினாள். குழாயிலிருந்து நீர் அத்தனை வேகத்தோடு இறங்கிய ஓசை அந்தச் சிறிய வீடு முழுவதும் கேட்டது. அண்ணா தண்ணீரை வாங்கி, நின்றபடியே அருந்தி, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"எத்தனைக்கு எத்தனை?"

"இருபதுக்கு முப்பது."

"நீ முன்னாடி சொல்லவே இல்லே."

"கேட்டேளே. போதும்னு சொன்னேன்."

"ஆமா, போதும்னு சொன்னே." அவர் சுவரில் கைவைத்தபடி நாற்காலியில் அமர்ந்தார். "நான் அங்கே எல்லார்கிட்டயும் நாப்பதுக்கு அறுபதுன்னு சொல்லிட்டேன். நீ சொல்லலே. நானா வெச்சுண்டேன். பாக்கறவாகிட்டல்லாம். கீழ் வீட்டு மாமாகிட்ட முன்னாடி தோட்டம் இருக்குன்னு கூட…"

"தோட்டமா?" என்றாள் மன்னி. "என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உன்கிட்ட சொன்னா நீ என்ன செடின்னு கேப்பே."

என் மனைவி சிரித்துவிட்டாள். மன்னியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன பொய் என் பெருமைக்காக. நான் சொன்னதும் என் பெருமைக்காகத்தான். ஆனால் அவருடையதால் ஒருவரும் பிறர் இடத்துத் தரையில் போய் அமர நேரவில்லை.

அண்ணா திடீரென்று எழுந்து கூடத்தை அளப்பவர்போல் நடந்தார். கூடத்தில் நடப்பதற்கு நான்கைந்து அடிகளே இருந்தன.

"விச்வேதேவரா வர ப்ராமணரை இங்கே கிழக்கு பார்த்து உக்காத்தலாம். பித்ருவா வரவரை இங்கே, வடக்கு பார்த்து. விஷ்ணுவுக்கு இலை போட ஃப்ரிட்ஜை நகத்தணும். நகருமா அது?"

"நகரும்ணா" என்றாள் என் மனைவி.

"வரவாளுக்குக் கால் அலம்பி விடறது வாசல்ல. தெருவுலதான் பண்ணணும். நாலு பேர் பாப்பா. உனக்கு அது ஆகுமாடா?"

அவர் விடைக்குக் காத்திராமல், "கர்த்தா இங்கே" என்று சொல்லிக்கொண்டு, ஒருவரும் தடுப்பதற்குள் சுவரைப் பிடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். கையை முன்னே நீட்டி இலை போடும் இடத்தைத் தரையில் தொட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் நீட்டினார், எங்கும் இடிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் இடம் இருக்கே" என்றார்.

பிறகு எழ முயன்றார். முழங்கால் மடிந்தது மடிந்தபடியே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. நானும் என் மனைவியும் இருபுறமும் பற்றித் தூக்கப் பார்த்தோம். அவர் சுவரை ஒட்டி அமர்ந்திருந்ததால் அப்படி முடியவில்லை; நான் அவருக்கு நேர் எதிரே குனிந்து, மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. எனக்கு நினைவு தெரிந்து நான் என் அண்ணாவைத் தழுவியதில்லை. பாதி எழுந்த நிலையில் அவர் தள்ளாடினார். முதுகு சுவரில் பட்டு நின்றது.

"பெரிய ஆத்துல இருந்தா விழுந்திருப்பேன்" என்றார் மூச்சு வாங்க. "இங்கே விழறதுக்கு இடமில்லே."

அவரை நாற்காலியில் அமர்த்தினோம். மன்னி முழங்காலை நீவிவிட்டாள். நான் அவர் முன்னே நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில், ஒருவர் அமர்ந்திருந்தால் மற்றவர் அவர் முன்னேதான் நிற்க முடியும்.

"மடத்திலேயே இருக்கட்டும்" என்றார் சற்று நேரம் கழித்து. "உனக்கு வேண்டாம்னா வேண்டாம். எனக்கும் இனிமே கீழ உக்காந்து ஆகாதுன்னு இப்போ தெரிஞ்சுடுத்து. நீதான் பண்ணப்போறே. எங்கே பண்ணணும்னு நீயே சொல்லு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். உரிமையை என் கையில் வைத்துவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அமர்ந்திருந்தார். சொந்த இடத்தில் தம் கையால் ஒருமுறை செய்வது என்று அவர் எண்ணியிருந்தது காலையிலேயே போய்விட்டது. அதை நான் திருப்பித் தர இயலாது. எஞ்சியிருந்தது அடுத்த ஆண்டு மட்டுமே.

"இங்கேயே பண்றோம்" என்றாள் என் மனைவி.

"நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லட்டும்."

"இங்கேதாண்ணா" என்றேன்.

"எப்போலேர்ந்து? அவ சொன்னதுக்கு அப்புறமா?"

சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தேன். வெளியே போய்ப் பேசலாம் என்று வாசல்பக்கம் திரும்பினேன். வெளியே என்றால் தெரு. அங்கே போவதற்கும் அப்போது மனம் ஒப்பவில்லை. மூவரும் பார்த்திருக்க, நின்ற இடத்திலிருந்தே மடத்துக் காரியஸ்தரை அழைத்தேன். அடுத்த ஆண்டு இடம் வேண்டாம் என்று சொன்னேன்.

"ஏன் ஸ்வாமி? ஏதாவது குறையா?"

"குறை ஒண்ணுமில்லே. ஆத்திலேயே பண்றதா இருக்கோம்."

"சொந்த ஆத்துலயா?" என்றார் அவர். "சொல்லவே இல்லையே. பேஷ். பெரிய இடமோ?"

அண்ணா முழங்காலில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வைத்த தொலைபேசியின் சூடு எனக்குத் தெரிந்தது.

"இல்லே. இருபதுக்கு முப்பது" என்றேன்.

அவர் உடனே குரலைத் தாழ்த்தி, அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி என்று பரிவோடு விசாரித்தார்.

"நன்னா வரது" என்றேன்.